பட்டறைக்குள் ஒருவருக்குத்தான் இடம்

தேற்றாத்தீவு
17.01.2005

மச்சாள் கேதீஸ்வரிக்கு,

சுகம் கேட்டு எழுத எனக்கு மனமில்லை. நான் சுகமாய் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

அவர் போன எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு உன்னை வழி பார்த்துக்கொண்டு இருந்தேன். என் தம்பி வந்தான். தோளில் ஒரு மூட்டையோடு வந்தான், அழுதான், போனான். நீ வரவில்லை. கிரானில் இருந்து தேற்றாத்தீவு என்ன சிங்கப்பூரா? என் தாலியைக் கடல் கொண்டுபோன பிறகு என் தலையில் ஒரு கை வைக்க உனக்கு நேரமில்லை. வயலில் வேலை என்று தம்பி சொன்னான். வயல் எழும்பி ஓடியா போகும்?

எனக்கு எல்லார் மேலும் கோபம். இன்றைக்குப் பௌர்ணமி, போயா நாள், கரைவலை இழுக்கப் போகவேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் போனாரே, அந்த மனுசன் மேல் கோபம். நிவாரணம் என்று கம்பளிச் சட்டை கொண்டுவந்து தந்தவர்கள் மேல் கோபம். தேற்றாத்தீவு வெயிலுக்குக் கம்பளிச் சட்டை! மாட்டுக்குப் போர்த்தினால் மாடும் முட்டும்.

நிலோஜனைத் தம்பியோடு அனுப்பியிருக்கிறேன். கடல் இரைகிற சத்தம் கேட்டால் பதினைந்து வயதுப் பிள்ளை நடுங்குகிறான். தகப்பனை அலை சுருட்டியதைக் கண்ணால் கண்டவன். உங்கள் பக்கம் கடல் வராது. வாவிக்கு அந்தப் பக்கம், வயல் வட்டைக்கு நடுவில், தாய்மாமனோடு இருந்தால் தேறிவிடுவான்.

அவனை மாடு மேய்க்க விடாதே. வரம்பு கட்ட விடாதே. படிக்கிற பிள்ளை. உன் மகள் விதுர்ஷாவுக்கு முறை மச்சான். நாளைக்கு உனக்கு மருமகனாய் வரப்போகிறவன் என்ற நினைப்போடு சோறு போடு.

உன்னோடு கோபமாய் இருக்கிற
பூரணம்


மருதஞ்சேனை, கிரான்
02.03.2005

மச்சாள் அவர்களுக்கு,

கடிதமும் கிடைத்தது, ஏச்சும் கிடைத்தது. கதிர் அடித்துச் சூடு மிதிக்கிற நாட்கள் என்பதால் பதில் பிந்திவிட்டது.

வயல் எழும்பி ஓடியா போகும் என்று கேட்டிருந்தீர்கள். ஓடித்தான் போனது. மார்கழி வெள்ளத்தில் பள்ளத்து வயல் முழுவதும் அழிந்தது. மேட்டில் நின்றதைத்தான் இப்போது வெட்டி அடித்தோம்.

கடல் ஏறின அன்று பின்னேரமே எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் உலை வைத்தோம். உழவு மெசினில் சோற்றுப் பார்சல் கரைக்குப் போனது. பிறகு கரைச் சனமே வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியது. என் வீட்டில் அரிசி முடிந்ததும் நான் என்ன செய்தேன் என்று உங்கள் தம்பி சொல்லியிருக்கமாட்டார். அவர் எதைத்தான் வாய் திறந்து சொன்னார்? விதைநெல்லை இறக்கிக் குத்தினேன். விதைநெல்லைத் தின்ற குடும்பம் விளங்காது என்று சொல்லி வளர்த்தவள் என் அம்மா. அந்தச் சொல்லைக் காதில் வைத்துக்கொண்டுதான் உலக்கை போட்டேன், மச்சாள். அவர் தோளில் சுமந்து வந்தாரே ஒரு மூட்டை, அதற்குள் இருந்தது அந்த அரிசிதான். எட்டுச் செலவுக்கு நான் வரவில்லை. அந்த அடுப்பை விட்டுவிட்டு எப்படி வருவது?

நிலோஜன் சுகம். மாடு மேய்க்கிறான். நான் விடவில்லை, அவனாகத்தான் போகிறான். முதல் கிழமை வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற சத்தத்துக்கே காதைப் பொத்தினான். இப்போது விதுர்ஷாவோடு போட்டி போட்டுக்கொண்டு வரம்பில் தண்ணீர் விட வக்கடை திறக்கப் போகிறான். வாய்க்கால் தண்ணீரைக் கண்டு பயந்த மாப்பிள்ளை என்று அவள் பழிக்கிறாள். நான் ஏசினால், 'நான் கட்டப்போற ஆளை நான்தானே பழிக்கோணும்' என்கிறாள். பதினாலு வயதில் இந்த வாய்!

இப்போது காரியத்துக்கு வருகிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். இங்கே கடல் வராது, சரிதான். வேறு வரும். துவக்கோடு வருகிறவர்கள் சண்டைக்கு வீட்டுக்கு ஒருத்தர் என்று கேட்கிறார்கள். ஒற்றைப் பிள்ளை வீடு என்று சொல்லி இதுவரை தப்பினோம். இப்போது முற்றத்தில் இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். நான் சோற்றுக்குப் பார்த்துச் சொல்லவில்லை.

கேதீஸ்வரி


தேற்றாத்தீவு
11.06.2005

கேதீஸ்வரிக்கு,

சோற்றுக்குப் பார்த்துச் சொல்லவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவள் மனதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

விதைநெல்லைக் குத்தினாய். பெரிய காரியம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சொல்லிக்காட்டியதும் நீதான்.

இங்கே எனக்குத் தந்திருப்பது ஒரு தகரக் கொட்டில். பகலில் அதற்குள் இருந்தால் அப்பளம் பொரியும். கல்லெறி தூரத்தில் கடல். இந்தக் கொட்டிலுக்கா பிள்ளையைக் கூட்டிவரச் சொல்கிறாய்? போன மாதம் என்னைப் பார்க்க வந்தவன் ஒரு நாள் நின்றான். பொழுது பட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு தார் ரோட்டுக்குப் போய்விட்டான். அங்கே போய்ப் படுத்த பிள்ளையைப் பார்த்து நான் ஒப்பாரி வைக்காத குறை.

துவக்குக்காரர் வருவார்கள் என்று பயம் காட்டாதே. தாய்மாமன் இருக்கிற வீட்டில் என் பிள்ளைக்கு என்ன வரும்? நிலோஜன் தாய்வழியில் என் குடி, என் தம்பியின் குடி. அவன் உயிரைக் கொடுத்தும் காப்பான். உன் வயலில் மாடாய் உழைக்கிறானே என் தம்பி, அதற்கு நீ இவ்வளவாவது பொறுக்கலாம்.

பிள்ளை அங்கேயே இருக்கட்டும். நான் கூட்டிவரமாட்டேன்.

பூரணம்


மருதஞ்சேனை
19.08.2006

பூரணத்துக்கு,

இனி மச்சாள் இல்லை. நீங்கள் என்ற மரியாதையும் இல்லை.

விதுர்ஷாவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

சிறுபோக வெட்டு. நான் வட்டையில் வெட்டிய கதிரை உப்பட்டி கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை வரம்பால் விழுந்தெழும்பி ஓடிவந்து, 'கேதீசு, உன்ட வீட்டுக்கு வந்திட்டானுகள் கா!' என்று கத்தினாள். கத்தியை எறிந்துவிட்டு ஓடினேன். நான் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது. முற்றத்தில் அவளுடைய செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. உன் தம்பி நெல்லுப் பட்டறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். பட்டறை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவன் உன் மகன். தலை முழுக்க நெல்லுச் சுணை.

எங்கள் பட்டறையை உனக்குத் தெரியும். களிமண் பூசி, மூடி போட்டு, வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் நிற்கிறது. புது நெல் அரைவாசிக்குக் கொட்டியிருந்தோம். மிச்ச இடத்தில் ஒருவர் குந்தி இருக்கலாம். இரண்டு பேருக்கு இடமில்லை.

'நீங்களா ஒளிச்ச?' என்று அவரைக் கேட்டேன்.

'ஓம்.'

'என்ட புள்ளைய விட்டுட்டு இவனையா?'

'ஓம். நான்தான் குடுத்த.'

உன் மகன் எதையோ சொல்ல வாய் திறந்தான். மாமன் ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை தாயின் குடி. விதுர்ஷா என் குடி. உன் மகன் உன் குடி, உன் தம்பியின் குடி. தன் குடிப் பிள்ளையை நெல்லுக்குள் புதைத்துக் காப்பாற்றிவிட்டு, என் குடிப் பிள்ளையை முற்றத்தில் நிறுத்திக் கொடுத்துவிட்டார். என்னைக் கட்டி, என் வீட்டில் இருந்து, என் சீதன வயலில் விளைந்த சோற்றைத் தின்றவர், நேரம் வந்ததும் தாய்வீட்டுக் கணக்கைப் பார்த்தார்.

உயிரைக் கொடுத்தும் காப்பான் என்று எழுதினாய். கொடுத்தான். யாருடைய உயிரை என்றுதான் நீ எழுதவில்லை.

ஒரு கிழமையாய் அவர்களுடைய முகாம் வாசலில் போய் இருந்தேன். முகத்தைக்கூடக் காட்டவில்லை. வடக்கே அனுப்பிவிட்டார்கள் என்று நேற்றுச் சொன்னார்கள்.

அந்த மனுசனோடு நான் இனிப் பேசமாட்டேன். கோப்பையில் சோறு போட்டு வைப்பேன். வா என்று கூப்பிடமாட்டேன். சாகும்வரை.

கேதீஸ்வரி


தேற்றாத்தீவு
30.09.2006

கேதீஸ்,

உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். கை வரவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன்.

என்னை நீ என்று சொல்கிறாய். சொல்லு. பெற்ற வயிறு எரியும்போது வாய் எப்படி அடங்கும்? ஆனால் நான் கேட்பதற்கும் பதில் சொல்லு. நானா என் மகனைப் பட்டறைக்குள் இறக்கினேன்? நான் இங்கே வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றேன். உன் மனதில் கிடப்பதை வெளியே சொல்லு. நிலோஜனைக் கொண்டுபோயிருக்கலாம் என்றுதானே? பூரணத்துக்குப் புருசன் போய்விட்டான், பிள்ளையும் போனால் என்ன என்றுதானே? சொல்லு! உன் இடத்தில் நின்றால் நானும் அதைத்தான் நினைப்பேன். அது தெரிவதால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

தம்பி செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று. உன் கடிதத்தை வாசித்ததும் முதலில் என் நெஞ்சு குளிர்ந்தது. என் தம்பி குடியை விடவில்லை என்று நினைத்தேன். அப்படிக் குளிர்ந்த நெஞ்சை அம்மியில் வைத்து அரைக்க வேண்டும். விதுர்ஷா பெரிய பிள்ளையானபோது தலைக்குத் தண்ணீர் வார்த்தவள் மாமி நான். 'மாமி, குளிருது, கெதியா ஊத்துங்க' என்று சிரித்தாள். இப்போது குடத்தைத் தூக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கிறது.

என் மகனை அனுப்பிவிடு. வாவித் தோணித் துறையைப் பூட்டிவிட்டார்கள் என்று தெரியும். இந்தக் கடிதமே எத்தனை கை மாறி வருமோ. என்றாலும் வழி திறந்த உடனே அனுப்பு. உன் கண்முன்னால் அவன் இருந்து சோறு தின்கிறான் என்று நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்குதில்லை.

பூரணம்


கூடார முகாம், கிரான்
14.04.2007

பூரணத்துக்கு,

இன்று வருசப் பிறப்பு. உனக்கு என் கைவிசேடம் இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தருகிறவன்தான். உன் மகனைத் திருப்பித் தருகிறேன். கை, கால், கண், மூக்கு எல்லாம் சரியாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். என்னுடைய பிள்ளை மாதிரி உன் பிள்ளையையும் நான் பாதி வழியில் தொலைத்துவிட்டேன் என்று நாளைக்குச் சொல்லாதே.

ஊரை விட்டு வந்துவிட்டோம். வேளாண்மை முற்றித் தலை சாய்த்து நின்றது. கத்தி தீட்டி வைத்திருந்தேன். செல் விழத் தொடங்கியது. விளைந்த வயலுக்கு நடுவால், நெல்லை மிதித்துக்கொண்டு ஓடினோம். என் வாழ்நாளில் கதிரை மிதித்ததில்லை. என் காலை நானே வெட்டிப்போட வேண்டும் போல இருந்தது. யாருடைய சண்டைக்கு யாருடைய நெல்? யாருடைய பிள்ளை? கேட்க ஆளில்லை. கேட்டாலும் இரண்டு பக்கமும் துவக்குத்தான் பதில் சொல்லும்.

உன் மகனைப் பற்றி ஒரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். துறையில் தோணி இல்லை. கடலைக் கண்டு நடுங்கினவன் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, நடக்கமாட்டாத ஆச்சிப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இக்கரைக்கு வந்தான். திரும்பப் போய் வேறு ஆட்களையும் கொண்டுவந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பெருமையாய் இருந்தது. பிறகு, இவன் நிற்கிற இடத்தில் அவள் நின்றிருப்பாள் என்று நினைத்தேன். பெருமை அப்படியே நெருப்பாய்ப் போனது.

வரும் வழியில், 'மாமி, மாமா மேல பிழை...' என்று எதையோ தொடங்கினான். 'மாமனுக்கு வக்காலத்து வாங்காத' என்று வாயை அடைத்துவிட்டேன். நன்றாய்ப் பழக்கியிருக்கிறார் மருமகனை.

உன் தம்பி உயிரோடு இருக்கிறார். கடைசி நேரத்தில் ஓடிப்போய் எருமைகளின் கயிற்றை எல்லாம் அவிழ்த்துவிட்டுத்தான் வந்தார். எருமைக்கு இரங்கத் தெரிகிற மனுசன்! இந்தக் கூடாரத்துக்குள் முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு படுக்கிறோம். முகாமில் எல்லாருக்கும் தெரியும். வரிசையில் நிற்கும்போது, 'உங்கட மனுசனுக்கும் சேத்தா?' என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவருக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறேன். பட்டினி போட்டுக் கொன்றால் அவருக்கு லேசாய்ப் போய்விடும்.

கேதீஸ்வரி


தேற்றாத்தீவு
05.11.2007

கேதீஸ்வரிக்கு,

திருப்பித் தந்தாய், சரி. பிறகு ஏன் எடுத்துக்கொண்டாய்?

உங்கள் ஊருக்குத் திரும்ப விட்டார்கள் என்று கேட்ட அன்றே நிலோஜன் துணி மூட்டையைக் கட்டிவிட்டான். எனக்கு இங்கே சீமெந்து வீடு கட்டித் தந்திருக்கிறார்கள். கட்டில் போட்டிருக்கிறேன். படிக்கச் சொன்னேன், தொழில் பழகச் சொன்னேன். 'விதுர்ஷாட வயல் தரிசாக் கிடக்கக் கூடாதும்மா' என்கிறான். வேறு பேச்சில்லை.

'உன்ட மாமன் இருக்கான், அவன் செய்வான்' என்றேன். 'மாமா தனிய எவ்வளவு செய்வார்?' என்றான். 'ஏன்டா, அந்த வீட்டுக்கு நீ என்ன கடன் பட்டிருக்காய்?' என்று கேட்டேன். கண்ணகையம்மனில் சத்தியம் என்று ஏதோ முணுமுணுத்தான். என்ன சத்தியம் என்று கேட்டால் வாயைப் பூட்டிக்கொள்கிறான். தோளில் அடித்தேன். நின்று வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நீ என்ன சொல்லி அவனை மயக்கினாய்? எனக்கு மிஞ்சினது ஒன்று. அதையும் உன் வயல் எடுத்துக்கொண்டது. இப்போது வயிறு குளிர்ந்ததா?

பூரணம்


மருதஞ்சேனை
26.02.2008

பூரணத்துக்கு,

என் வயிறு குளிரவில்லை. நான் உன் மகனைக் கூப்பிடவும் இல்லை.

வந்த அன்று விளக்குமாற்றால் துரத்தினேன். படலைக்கு வெளியே போய் நின்றான். அடுத்த நாள் வயலில் நின்றான். கூரை போன வீடு, கதவில்லை, ஜன்னல் இல்லை, பட்டறை மட்டும் இடியாமல் நிற்கிறது. அதை இடித்துப் போடச் சொன்னேன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, காற்றுக்குச் சொன்னேன். மாமனும் மருமகனும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

இரண்டு பேரும் வயலில் வாடி போட்டுக்கொண்டு அங்கேயே படுக்கிறார்கள். பற்றையாய்க் கிடந்த நிலத்தை வெட்டி, உழுது, கடன் வாங்கிய விதையை எறிந்து, காட்டுப் பன்றிக்குக் காவல் இருந்து, விளைவித்தும்விட்டார்கள். போன கிழமை வெட்டினோம். நானும் போய் வெட்டினேன். என் மகளின் வயல், நான் ஏன் போகக் கூடாது? மூன்று பேரும் மூன்று மூலையில் நின்று வெட்டினோம். பேச்சில்லை. வேலை கெதியாய் முடிந்தது.

ஊர்ச் சனம் வந்து, நிலம் திரும்பக் கிடைத்ததே, நெல் விளைந்ததே, சந்தோசப்படு என்கிறது. எனக்குச் சந்தோசப்பட ஏலவில்லை. இந்த நெல்லை நிலோஜன் மூட்டை கட்டி ஒரு பக்கமாய் வைத்தான். 'இது அவள்ட' என்றான். என்னைப் பார்த்து அவன் பேசினது அவ்வளவுதான். அதில் ஒரு பிடியைக்கூட நான் உலையில் போடவில்லை. விதைக்கு வைத்திருக்கிறேன். இந்த முறை யார் செத்தாலும் குத்தமாட்டேன்.

உன் மகனை நீயே வந்து கூட்டிக்கொண்டு போ. வராவிட்டால் நான் குறை சொல்லமாட்டேன்.

கேதீஸ்வரி


வவுனியா
28.06.2009

கேதீஸ்,

எங்கே போகிறேன் என்று உனக்குச் சொல்லாமல் வந்தேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி முள்ளுக் கம்பிக்குள் விதுர்ஷாவைக் கண்டதாய்ச் சொன்னாள். பொய்யாய்ப் போனால் உன்னை இரண்டாம் முறை கொன்ற பாவம் வரும் என்று வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். நிலோஜனையும் கூட்டிவரவில்லை. ஆண்பிள்ளையை இந்தப் பக்கம் கண்டால் உள்ளே போட்டுவிடுவார்கள். என்னை மாதிரிக் கிழடுகளை ஒருவரும் சட்டை செய்வதில்லை.

இரு. முதலில் இதைச் சொல்லுகிறேன். உன் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். நான் கண்ணால் கண்டேன். கேதீஸ், உயிரோடு இருக்கிறாள்!

சண்டை முடிந்து சனத்தோடு சனமாய் வந்தவளைத் தனியே பிரித்து அடைத்திருக்கிறார்கள். நாய்க்குச் சோறு எறிகிற மாதிரிப் பெயரை எறிந்து கூப்பிடுகிறார்கள். நான் எத்தனை வாசலில் நின்றேன், எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கினேன், எத்தனை பேரை ஏசினேன் என்று கணக்கில்லை. கடைசியில் கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எலும்பும் தோலும். தலைமயிரைக் கட்டையாய் வெட்டியிருக்கிறது. செல் சத்தத்தில் இரண்டு காதும் மந்தமாய்ப் போய்விட்டது. அதனால் அவளும் கத்தினாள், நானும் கத்தினேன். எங்கள் குடும்பக் கதையை வரிசை முழுக்கக் கேட்டது.

'என்ட மகனுக்காக உன்ட அப்பா உன்னைக் குடுத்திட்டாரே மனே! இந்த மாமிய மன்னிச்சிரு மனே!' என்று கத்தினேன்.

அவள் முகத்தைச் சுளித்தாள். 'என்ன மாமி? ஆரு குடுத்த?'

'உன்ட அப்பா! பட்டறைக்குள்ள அவனை ஒளிச்சுப்போட்டு உன்னை...'

'ஆரு மாமி சொன்ன? அப்பா என்னைத்தான் இறக்கி மூடின! நான்தான் மூடியத் தள்ளிப்போட்டு வெளிய வந்து மச்சானைப் பிடிச்சு உள்ள தள்ளின!'

எனக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை கத்தச் சொன்னேன். கத்தினாள்.

'ஏன்டி மனே அப்படிச் செய்த?'

'அவன் முத்தத்துல நிண்டு நடுங்கினான் மாமி. கடலைக் கண்ட மாதிரி. அவனைக் கொண்டு போனா ரெண்டு நாள் இருக்கமாட்டான். மறுகா உங்களுக்கு ஆரு இருக்கா? என்ட அம்மாக்கு அப்பா இருக்காரு.'

அம்மாவுக்கு அப்பா இருக்கிறார் என்றாள், கேதீஸ். அதை நம்பித்தான் அந்தப் பிள்ளை பட்டறையை விட்டு இறங்கிப் போயிருக்கிறது.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். காவலுக்கு நின்றவன் எழும்பச் சொல்லி அதட்டினான். 'உன்ட அம்மாவும் இப்படி ஒரு நாள் இருப்பாடா!' என்று அவனையும் ஏசினேன். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை, நல்லகாலம்.

வயலை யார் செய்கிறது என்று கேட்டாள். சொன்னேன். விதைநெல்லைத் தொட வேண்டாம் என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். எப்போது விடுவார்கள் என்று ஒருவரும் சொல்லுகிறார்கள் இல்லை. ஒரு வருசம் என்கிறார்கள், இரண்டு என்கிறார்கள்.

கிரானில் கடை வைத்திருக்கிற பாறூக்கின் நம்பருக்கு எடுத்து, நிலோஜனைக் கூப்பிடச் சொன்னேன். 'டேய், என்னடா சத்தியம்?' என்று கேட்டேன். விம்மி விம்மி அழுதான். அவளைக் கொண்டுபோன உடனேயே அவன் உன் வாசலில் நின்று உண்மையைச் சொல்லப் போனானாம். பிறகு மாமன் அவனைக் கண்ணகையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கியிருக்கிறான். பெண்பிள்ளை இறங்கிக் கொடுத்த உயிரில் வாழ்கிறான் என்று ஊர் சொன்னால் இவன் தலை நிமிர்ந்து நடக்கமாட்டான் என்றானாம். 'நீங்க குடுக்கல்லயே மாமா' என்று இவன் அழுதிருக்கிறான். 'அவள் போகேக்க பாத்துக்கொண்டு நிண்டவன் நான். பாத்துக்கொண்டு நிண்டவன் குடுத்தவன்தான்' என்றானாம் என் தம்பி.

நாங்கள் இரண்டு பேரும் குடி, குடி என்று அடித்துக்கொண்டோம். நீ அதை வைத்து அவனை வைதாய். நான் அதை வைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். அந்த மனுசன் குடியைப் பார்க்கவே இல்லை. தன் பிள்ளையைத்தான் முதலில் ஒளித்திருக்கிறான், எல்லாத் தகப்பனையும் போல.

உன்னை ஏச எனக்கு வாயில்லை. என்னை நானே ஏசிக்கொண்டு இருக்கிறேன். நாளைக்கும் வாசலில் நிற்பேன். அனுமதித் துண்டு கிடைத்தால் அவளைக் காட்டுவார்கள்.

பூரணம்


மருதஞ்சேனை
09.07.2009

மச்சாள்,

உங்கள் கடிதத்தைப் பாறூக் கொண்டுவந்து தந்தார். வாசித்துவிட்டுக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

உயிரோடு இருக்கிறாள் என்று எழுதினீர்கள். உங்கள் காலில் விழ வேண்டும். விழுவேன். ஆனால் மச்சாள், எனக்குக் கோபம் போகவில்லை. இன்னும் கூடிவிட்டது. அவள் மேல் கோபம். அம்மாவுக்கு அப்பா இருக்கிறார் என்று கணக்குப் போட இவள் யார்? அம்மாவுக்கு மகள் வேண்டாமா? வரட்டும். கட்டிப்பிடிக்க முதல் கன்னத்தில் இரண்டு போடுவேன். காது கேட்காவிட்டால் கையால்தானே சொல்ல வேண்டும்.

நிலோஜன் மேல் கோபம். அம்மனாவது சத்தியமாவது, ஒரு நாள் என் வாயைப் பொத்திப்போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்ல வந்தவன் வாயை அடைத்தவள் நான்தான். அதுவும் தெரியும். என்றாலும் கோபம். அவனைக் கூப்பிட்டு, 'இனி வீட்டுல வந்து சாப்பிடு' என்றேன். ஏசுகிற மாதிரித்தான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு வந்து இருந்தான்.

அவர் மேல்தான் பெரிய கோபம். மூன்று வருசம்! ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் வாயில் இருந்து வந்த அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, ஓம் நான்தான் என்று இருந்துவிட்டார். முகாமில் சனம் சிரித்தது. கோயில் வாசலில் பிள்ளையைக் கொடுத்தவன் என்று அவர் காதுபடச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு போனார். என்னை இவ்வளவு பாவியாக்கிவிட்டாரே, மச்சாள். நான் பேசாமல் இருந்தது அவரைத் தண்டிக்க என்று நினைத்தேன். என் மகள் எனக்கென்று விட்டுப்போன ஒரே ஆளை நான் வாடியில் படுக்க விட்டிருக்கிறேன்.

நேற்று விடிகிற வெள்ளாப்பில் சோறும் ஒரு சொட்டு மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். ஏச வேண்டும் என்று வழி முழுக்கச் சொல் சேர்த்துக்கொண்டு போனேன். நிலோஜன் ஊருக்குள் போயிருந்தான். அவர் வக்கடையில் குனிந்து நின்று மண்ணை வழித்துக்கொண்டிருந்தார். முதுகு கூனிப்போய்விட்டது. அது எப்போது கூனியது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டு ஆள், எனக்குத் தெரியாது.

'இஞ்சேருங்க, சோறு கொண்டாந்திருக்கன்' என்றேன்.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று கிறுகித் தனக்குப் பின்னால் பார்த்தார்.

வரம்பில் வேறு யாரும் இல்லை, மச்சாள்.

கேதீஸ்வரி